ரம்மியும் பாஞ்சாலியின் கேள்வியும்

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அன்றிரவு இரண்டு இடங்களில் விளக்கு எரியும். உள்ளே பெண்கள் சவத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அழுது ஓய்ந்தவர்கள் சுவரில் சாய்ந்திருப்பார்கள். ஓயாதவர்கள் புதிதாக வந்து விழும் ஒவ்வொரு உறவுக்காரியையும் கட்டிக்கொண்டு மறுபடி தொடங்குவார்கள். வெளியே சாமியானாவுக்குக் கீழே ஆண்கள் பாயை விரித்து வட்டமாக உட்கார்ந்து ரம்மி ஆடுவார்கள். இரவு முழுக்கக் கண்விழிக்க வேண்டும், அதற்கு இது ஒரு வழி என்பார்கள். முத்தியால்பேட்டையானாலும் முதலியார்பேட்டையானாலும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. நள்ளிரவுக்கு மேல் உள்ளேயிருந்து வெளியே டீ போகும். அந்த டீயைப் போட்டவள் விழித்திருக்க எந்த ஆட்டமும் தேவைப்பட்டதில்லை.

டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு போன வயதில்தான் நான் ரம்மியைக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். "நல்ல கை", "கை சேரல", "கையக் கீழ வை" என்ற பேச்செல்லாம் காதில் விழுந்தது. கையில் வந்த பதின்மூன்று சீட்டை வைத்துக்கொண்டு, எடுப்பதும் தள்ளுவதுமாக, ஜெயிக்கிற கையைக் கட்டுவதுதான் ஆட்டம். அதில் ஒரு அழகு இருக்கிறது. அதை நான் இன்றும் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றி நம் சமூகம் பேசியிருப்பதையெல்லாம் எடுத்துப் பார்த்தால், சட்டத்திலும் இலக்கியத்திலும் தெருவிலும் பேச்சு எப்போதும் ஆடுகிறவனைப் பற்றியதாகவே இருக்கிறது. அவனுக்குத் திறமை இருந்ததா, அதிர்ஷ்டம் இருந்ததா, அவன் கெட்டுப்போனானா, திருந்துவானா என்றுதான் கேட்கிறார்கள். பாயின் நடுவில் கிடக்கும் பணயம் யாருடையது என்ற கேள்வி அபூர்வமாகத்தான் வருகிறது. அதைத் தமிழில் மிக உரக்கக் கேட்ட நூல் இந்தப் புதுச்சேரியில்தான் எழுதப்பட்டது. அதற்குப் போகும் முன் சீட்டுக்கட்டையே ஒருமுறை விரித்துப் பார்ப்போம்.

ராணிக்குப் பத்துப் புள்ளி

ரம்மியில் ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் தலைக்குப் பத்துப் புள்ளி. கேட்க சமத்துவமாக இருக்கும். ஆனால் இங்கே புள்ளி என்பது நஷ்டக் கணக்கு. ஜெயித்தவனுக்குப் பூஜ்யம், தோற்றவன் கையில் சேராமல் நிற்கும் சீட்டுகளைக் கூட்டி அவன் தலையில் எழுதுவார்கள். அதனால் புதிதாக ஆட வருகிறவனுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம், பெரிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டிருக்காதே, சேராது என்று தெரிந்தால் சீக்கிரம் தள்ளு என்பதுதான். ராணி வரிசையில் நிற்க வேண்டுமானால் பக்கத்தில் ராஜாவோ ஜாக்கியோ அதே ஜாதிச் சீட்டாக இருக்க வேண்டும். தனியாக நிற்கும் ராணி சுமை.

இன்னொரு விதியும் உண்டு. ஆட்டத் தொடக்கத்தில் கட்டிலிருந்து ஒரு சீட்டைத் திருப்பிப் போடுவார்கள். அது ராணியாக வந்தால், அந்த ஆட்டம் முழுக்க நான்கு ஜாதி ராணிகளும் ஜோக்கர். ஜோக்கருக்குப் புள்ளி கிடையாது. எந்தச் சீட்டு இல்லையோ அந்த இடத்தில் போய் உட்காரும். ஏழு இல்லையென்றால் ஏழு, இரண்டு இல்லையென்றால் இரண்டு. எல்லோரும் ஆசையோடு தேடும் சீட்டு அது. குடும்பத்தில் எந்த இடம் காலியானாலும் அங்கே போய் நிற்கவேண்டியவளாக ஒரு மருமகளை நாம் வளர்ப்பதும், அவளை 'வீட்டுக்கு வந்த லட்சுமி' என்பதும் எனக்கு இந்த விதியைத்தான் ஞாபகப்படுத்துகின்றன.

ராணி சீட்டுக்கட்டில் எப்போதும் இருந்தவள் அல்ல. எகிப்தின் மம்லூக் சுல்தான்கள் காலத்துச் சீட்டுகளில் இருந்தவர்கள் அரசனும் இரண்டு துணை அதிகாரிகளும். இந்தியாவில் பல நூற்றாண்டுகள் ஆடப்பட்ட வட்ட வடிவ கஞ்சிஃபா சீட்டுகளில், ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு ராஜாவும் ஒரு மந்திரியும் இருப்பார்கள். விஷ்ணுவின் பத்து அவதாரங்களைக் கருப்பொருளாகக் கொண்ட தசாவதார கஞ்சிஃபாவில் பத்து ஜாதி, ஜாதிக்குப் பன்னிரண்டு, ஆக 120 சீட்டு. அங்கும் தலைச்சீட்டுகள் கடவுளும் அமைச்சரும்தான். ராணி நமக்கு ஐரோப்பியக் கப்பலில் வந்தவள். நாம் 'கிளாவர்' என்று சொல்வதிலேயே டச்சுக்காரர்களின் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புதுச்சேரியில் பலருக்குப் பிரான்சில் சொந்தம் உண்டு. விடுமுறைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் சீட்டுக்கட்டில் கே, க்யூ, ஜே இருக்காது. ஆர், டி, வி என்றிருக்கும்: ருவா, தாம், வலே. தாம் என்றால் சீமாட்டி. ராணி என்றுகூட இல்லை. மரபான பிரெஞ்சுக் கட்டில் நான்கு சீமாட்டிகளுக்கும் பெயர் உண்டு. ஆட்டினுக்கு ஜூதித், டைமண்டுக்கு ராஷெல், ஸ்பேடுக்கு பல்லாஸ், கிளாவருக்கு அர்ஜின். எதிரிப் படைத்தலைவனின் தலையை அறுத்தவள் ஜூதித். பல்லாஸ் என்பது போர்த்தெய்வமான ஆத்தீனாவின் பெயர். ராஷெல், விவிலியத்தில் யாக்கோபு ஏழாண்டு உழைத்துக் கூலியாகக் கேட்ட பெண். அவளுடைய தகப்பன் ஆளை மாற்றிக் கொடுத்து இன்னும் ஏழாண்டு வேலை வாங்கினான். அர்ஜின் யாரென்றால் யாருமில்லை. ராணி என்பதற்கான லத்தீன் சொல் 'ரெஜினா'. அதன் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டால் வருவது அவள். நால்வரில் ஒருத்தி தலையெடுத்தவள், ஒருத்தி தெய்வம், ஒருத்தி கூலியாகக் கொடுக்கப்பட்டவள், ஒருத்தி வெறும் பதவியின் பெயர். பெண்ணுக்கு ஒதுக்கப்படும் இடங்களின் பட்டியல் ஏறக்குறைய இதில் முடிந்துவிடுகிறது.

பிரெஞ்சுப் புரட்சி சீட்டுக்கட்டையும் விடவில்லை. 1793-94 வாக்கில் ஜோம், துகூர்க் என்ற இருவர் வெளியிட்ட கட்டில் ராஜாக்களுக்குப் பதில் 'மேதைமைகள்', ஜாக்கிகளுக்குப் பதில் 'சமத்துவங்கள்', ராணிகளுக்குப் பதில் 'சுதந்திரங்கள்' இருந்தார்கள். நான்கு சுதந்திரங்களில் ஒன்று திருமண சுதந்திரம். அதற்குச் சற்று முன், 1792இல், பிரான்ஸ் விவாகரத்தைச் சட்டமாக்கியிருந்தது. சீட்டில் பெண் உருவத்துக்குச் சுதந்திரம் என்று பெயர் சூட்டப்பட்ட அதே காலத்தில், பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் தெ கூழ் 1793 நவம்பரில் கில்லட்டினில் கொல்லப்பட்டார். பிறகு ராஜாவும் ராணியும் கட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். 1816இல் விவாகரத்துச் சட்டமும் போயிற்று. சீட்டின் மேல் யாருடைய படம் போட்டிருக்கிறது என்பது ஆட்டத்தை மாற்றுவதில்லை. இப்போது விற்பனைக்கு வரும் 'பெண் சாதனையாளர்' சீட்டுக்கட்டுகளைப் பரிசாக வாங்கிக் கொடுக்கும்போது எனக்கு இந்தச் சந்தேகம் தீர்வதில்லை.

எது திறமை?

ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா? இந்திய நீதிமன்றங்கள் சலிக்காமல் கேட்ட கேள்வி இது. 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் திறமை சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. சரியாக நூறு வருடம் கழித்து, 1967இல், செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்கள் மேல் போடப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான அந்த வழக்கில் நீதிமன்றம் சொன்னது இதுதான்: மூன்று சீட்டு ஆட்டம் போல ரம்மி வெறும் அதிர்ஷ்டம் அல்ல, விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதைத் தள்ளுவது என்று யோசித்துக் கையைக் கட்ட வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு கைபேசியில் ரம்மி நடத்திய நிறுவனங்கள் அத்தனையும் இந்த ஒரு தீர்ப்பின் மேல்தான் கடை விரித்தன.

ரம்மியில் திறமை இருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. திறமை என்ற சொல்லுக்கு இங்கே கிடைக்கும் மரியாதையைப் பற்றித்தான் கேள்வி. தமிழில் 'சீட்டு' என்றால் இரண்டு. ஆண்கள் ஆடும் சீட்டு ஒன்று. பெண்கள் கட்டும் சீட்டு இன்னொன்று. தெருவில் இருபது பெண்கள் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு, ஏலம் எடுத்து, தள்ளுபடியைப் பிரித்துக்கொள்ளும் ஏலச்சீட்டுக்கு எவ்வளவு கணக்கு வேண்டும்! எந்த மாதம் எடுத்தால் லாபம், எவ்வளவு தள்ளிக் கேட்கலாம், யார் எடுத்த பிறகு ஒழுங்காகக் கட்டுவாள், யார் ஊரைவிட்டுப் போய்விடுவாள், யாருக்கு இந்த மாதம் உண்மையாகவே அவசரம், யாருக்கு இல்லை. அங்கேயும் நினைவு வேண்டும், பிடிக்கவும் விடவும் தெரிய வேண்டும், அடுத்தவள் கையைப் படிக்க வேண்டும். பள்ளிக் கட்டணத்துக்கும் காதுகுத்துக்கும் மகளின் படிப்புக்கும் ஜெயிக்கிற கையை அவள் அப்படித்தான் கட்டுகிறாள்.

இதற்கும் 1982இல் ஒரு சட்டம் வந்தது, சிட்ஃபண்ட்ஸ் சட்டம். அது பதிவு, உத்தரவாதம், மோசடி பற்றிப் பேசுகிறது. அது அவசியமும்தான். ஆனால் சீட்டு கட்டும் பெண்ணின் திறமை என்ன என்று எந்த நீதிமன்றமும் உட்கார்ந்து ஆராயவேண்டி வரவில்லை. ஆராய்ந்தால் யாருக்கும் லாபமில்லை. பணயம் வைக்கிறவனின் ஞாபகசக்தி அரசியல் சாசனம் பாதுகாக்கும் தொழில் உரிமைக்கு ஆதாரமாகிறது. அந்தப் பணயத்துக்கான காசைச் சேர்த்தவளின் ஞாபகசக்தி குடும்பப் பொறுப்பு என்று பெயர் பெறுகிறது.

அறநூல்களிலும் நிலைமை இதுவே. திருக்குறளில் 'சூது' 94ஆம் அதிகாரம். அது நிற்கும் வரிசையைப் பாருங்கள்: 91 பெண்வழிச் சேறல், 92 வரைவின் மகளிர், 93 கள்ளுண்ணாமை, 94 சூது. மனைவி சொல்லைக் கேட்பது, பொதுமகளிரிடம் போவது, கள், சூது. ஒரு ஆணைக் கெடுக்கக்கூடியவை என்று அடுக்கப்பட்ட நான்கில் இரண்டு பெண்கள். சூதாடிக் கெட்டவனின் வீட்டில் இருந்தவள் இந்தக் கணக்கில் வருவதில்லை. அவள் பேச்சைக் கேட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்ற சாத்தியத்தையும் 91ஆம் அதிகாரம் முன்கூட்டியே அடைத்துவிடுகிறது.

ஈசுவரன் தர்மராஜா கோவில் தெருவில் எழுதப்பட்ட ஆட்டம்

பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். அவர் குடியிருந்து இன்று நினைவில்லமாக இருக்கும் வீடு ஈசுவரன் தர்மராஜா கோவில் தெருவில் இருக்கிறது. அந்தத் தெருப் பெயரைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். நம் பக்கத்தில், செஞ்சி வட்டாரம் தொடங்கிக் கடற்கரை வரை, திரௌபதி அம்மன் கோவிலைத் தர்மராஜா கோவில் என்றும் சொல்வார்கள். பாரதம் படித்து, கூத்து நடத்தி, படுகளம் போட்டு, தீமிதிப்பது அம்மனுக்காக. ஆனால் கோவில், அவளைச் சூதில் வைத்துத் தோற்றவன் பெயரில். சூது, துகில் கூத்து நடக்கும் இரவில் ஊர்ப் பெண்கள் கண்ணீர் விட்டுக் கும்பிடுவார்கள். மரபான கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டுவதும் ஆண்தான்.

இப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு பாரதி 'பாஞ்சாலி சபதம்' எழுதினார். ஐந்து சருக்கம்: அழைப்பு, சூதாட்டம், அடிமை, துகிலுரிதல், சபதம். இதன் பதிப்பு வரலாறே எனக்கு ஒரு செய்தியாகப் படுகிறது. முதல் இரண்டு சருக்கங்கள் கொண்ட முதற்பாகம் 1912இல் அச்சானது. மீதி மூன்றும் அடங்கிய இரண்டாம் பாகம் வெளிவந்தது 1924இல். பாரதி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதாவது, பாரதி உயிரோடிருந்தபோது நூலாக வாசகர் கையில் இருந்தது ஆண்களின் அழைப்பும் ஆண்களின் ஆட்டமும்தான். பாஞ்சாலி சபைக்கு வந்து வாய் திறந்த பகுதி நூலாகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தது. இதற்கு யார்மேலும் குற்றம் சொல்ல வரவில்லை. பதிப்பிக்கக் காசில்லாத கவிஞனின் வறுமை அது. ஆனால் ஆட்டம் உடனே அச்சேறும், ஆட்டத்தில் வைக்கப்பட்டவளின் கேள்வி பிறகு வரும் என்ற வரிசை நமக்குப் பழகிய வரிசைதான்.

முதற்பாகம் முடியும் இடத்தில் தருமன் நாட்டை வைத்து ஆடித் தோற்கிறான். அங்கே பாரதிக்குக் கோபம் பொங்குகிறது. கோவில் பூசாரி சிலையை விற்பதற்கும், வாசல் காவல்காரன் வீட்டையே பணயம் வைப்பதற்கும் இதை ஒப்பிடுகிறார். இந்த ஒப்புமைகள் எனக்கு மிக முக்கியம். தருமன் ஆடத் தெரியாதவன் என்றோ, சகுனி ஏமாற்றுக்காரன் என்றோ மட்டும் பாரதி சொல்லி நிறுத்தவில்லை. பூசாரிக்குச் சிலை சொந்தமில்லை, காவல்காரனுக்கு வீடு சொந்தமில்லை, அரசனுக்கு நாடு சொந்தமில்லை. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியைத் தள்ளிவிட்டு, வைத்தது உன்னுடையதா என்ற கேள்வியை அவர் எடுக்கிறார்.

இரண்டாம் பாகத்தில் அதே கேள்வி பாஞ்சாலி வாயில் வருகிறது. தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னை வைக்க ஏது உரிமை? வீட்டுமர் பதில் சொல்கிறார். பழைய காலத்தில் பெண்ணுக்குச் சம நிலை இருந்தது, பிறகு வந்த சாத்திரம் மனைவியைக் கணவனின் உடைமையாக்கிவிட்டது, நடப்பது அநீதி என்று தெரிகிறது, ஆனால் சாத்திரம் அப்படி இருக்கிறது, தடுக்க என்னால் ஆகாது என்பது அவர் வாதம். சபையில் மிக நல்லவர் சொல்லும் பதில் இது. இன்றைக்கும் குடும்பப் பஞ்சாயத்தில் மூத்தவர்கள் சொல்லும் பதில் இதிலிருந்து அதிகம் விலகியதில்லை: நீ சொல்வது நியாயம்தான்மா, ஆனால் என்ன செய்ய?

பாரதியின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. அவருக்குப் பாஞ்சாலி பாரத தேவியும்கூட. நாடு அடிமைப்பட்டதை அவள் உருவில் அவர் காண்கிறார். அதனால் அவளுடைய அவமானம் எல்லோருடைய அவமானமாகப் பெரிதாகிறது. பெரிதான அதே வேகத்தில் அவளுடைய கேள்வி அவளிடமிருந்து நழுவுகிறது. காவியம் கேள்விக்கு விடையோடு முடியவில்லை, பழிவாங்கும் சபதத்தோடு முடிகிறது. துகில் வளர்வது தெய்வச் செயல். வைத்தது செல்லாது என்று சபை ஒருபோதும் தீர்ப்புச் சொல்லவில்லை. நூறாண்டாக நாம் அந்தச் சபதத்தை மேடையில் முழங்கிக்கொண்டிருக்கிறோம். கேள்வி அப்படியே இருக்கிறது.

இரண்டு அலமாரிகள்

சபை சொல்லாத தீர்ப்பை ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சீதனம் மனைவியின் முழுச் சொத்து, கணவனிடமோ மாமியாரிடமோ அது இருந்தால் நம்பிக் கொடுத்து வைத்தது என்றுதான் பொருள், அதை எடுத்துத் தின்றால் நம்பிக்கை மோசடிக் குற்றம் என்றது. பாரதியின் காவல்காரன் உவமையைச் சட்ட மொழியில் எழுதினால் ஏறக்குறைய இதுதான். 2024 ஏப்ரலில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம், சீதனம் கணவன் மனைவி இருவரின் பொதுச் சொத்து ஆகாது என்று மறுபடி உறுதி செய்தது. கஷ்டகாலத்தில் கணவன் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு என்றது.

இந்தத் தீர்ப்புகள் ஒரு அலமாரியில் இருக்கின்றன. ரம்மித் தீர்ப்புகள் இன்னொரு அலமாரியில். ஒன்றை எடுத்து வைத்து மற்றதைப் படிக்கிற பழக்கம் நமக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். கைபேசி ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்தபோது அரசு தடை கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, புதுச் சட்டம் இயற்றி, ஆளுநர் திருப்பியனுப்ப, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் அது நடைமுறைக்கு வந்தது. அந்த நவம்பரிலேயே உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது. காரணம் பழையதுதான்: அவை திறமை ஆட்டங்கள்.

இந்தச் சட்டங்கள் எதுவும் புதுச்சேரிக்குப் பொருந்தாது. கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். அதை ஒட்டிய முத்தியால்பேட்டை புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லைக்கோடு தெருக்களுக்கு நடுவே ஓடுகிறது. கைபேசிக்கு அந்தக் கோடு தெரியாது. அடகுக்கடைக்கும் தெரியாது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும் தடை என்று சட்டம் கொண்டுவந்தது. ஒரு வழியாகத் திறமைக் கேள்வி மேசையிலிருந்து அகற்றப்பட்டது. அந்த இடத்தில் வேறு கேள்வி எதுவும் வைக்கப்படவில்லை. ஆட்டத்தை நடத்துவது குற்றம், விளம்பரம் செய்வது குற்றம் என்கிறது சட்டம். ஏற்கெனவே போன நகை யாருடையது, அதை யார் மீட்டுத் தர வேண்டும் என்பது அதன் வேலையில்லை.

பாயில் உட்கார்ந்து ஆடிய காலத்தில் குறைந்தபட்சம் ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. ராத்திரி பத்து மணிக்கு ஆள் எங்கே என்று பிள்ளையை அனுப்பிக் கூப்பிடலாம். ஸ்கூட் விட்டு எழுந்து வந்தால் இருபது புள்ளியோடு போயிற்று. கைபேசியில் ஆட்டம் பக்கத்துப் படுக்கையில் நடந்தது, கழிப்பறையில் நடந்தது, வேலை இடத்தில் நடந்தது. எழுப்பிக் கூட்டிவர ஒரு இடமில்லை. வங்கிக் கணக்கு அவன் பெயரில், கைபேசிக் கடவுச்சொல் அவன் மனதில். கடன்காரன் மட்டும் வாசலுக்கு வருவான். அப்போது வாசலில் நிற்பவள் அவள். தோற்றவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டாம். தனக்கென்று ஒரு ரூபாய் சம்பாதிக்க வழியில்லாதவளுக்கும், சம்பளம் போதாதவளுக்கும் 'வீட்டிலிருந்தபடியே' என்ற சொல் என்ன மயக்கத்தைத் தரும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. கணவர் ஆடிய கடனுக்கு அவளுடைய சங்கிலி அடகுக்குப் போனது. வட்டி கட்ட முடியாமல் மூழ்கியும் போனது. உறவுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். அவர் இனி ஆட மாட்டேன் என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். எல்லோரும் அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று எழுந்தார்கள். அவள் மட்டும் எழவில்லை. "ஆடனது அவரு. ஆட்டத்துல இருந்தது என் சங்கிலி. அவரு திருந்திட்டாரு, சரி. சங்கிலி?" என்றாள். "இப்ப அதையா பேசுவ?" என்று ஒரு பெரியம்மா அதட்டினார். அந்தப் பெரியம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய வளையலும் அப்படித்தான் போயிருந்தது.

அந்த அக்காவுக்கு வீட்டுமரையும் தெரியாது, பிரதிபா ராணி வழக்கும் தெரியாது. கேள்வி மட்டும் சரியான இடத்தில் விழுந்தது. திருந்துதல் பற்றிய பேச்சு முழுவதும் ஆடியவனைச் சுற்றியே நடக்கிறது. அவன் கெட்டதும் கதை, மீண்டதும் கதை. மதுவைப் பற்றியும் நாம் இப்படித்தான் பேசுகிறோம். அவனுடைய சத்தியத்தில் அவளுடைய சங்கிலிக்கு இடமில்லை. 'கஷ்டகாலம்' என்ற சொல்லும் இங்கே நின்று பார்க்க வேண்டியது. கணவன் சீதனத்தை எடுக்கச் சட்டம் விடும் ஒரே வாசல் அது. ஆடி வரவழைத்துக்கொண்ட கடனும் வீட்டில் கஷ்டகாலம் என்றே பெயர் வாங்குகிறது. வெள்ளம் வந்து கூரை போனதும், நடுராத்திரி ரம்மியில் சம்பளம் போனதும் ஒரே சொல்லுக்குள் நுழைந்துவிடுகின்றன. அந்தச் சொல்லுக்குள் எது நுழையலாம், எது நுழையக் கூடாது என்று சொல்லும் உரிமை நகைக்குச் சொந்தக்காரிக்கு இருக்க வேண்டும்.

சீட்டையே கொளுத்திவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பெண்கள் ஆடாதவர்கள் அல்ல. தாயமும் பல்லாங்குழியும் சோழியும் நம்முடையவை. பல்லாங்குழியில் பதினான்கு குழியிலும் எத்தனை முத்து இருக்கிறது என்று எண்ணாமலே சொல்லும் பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஆட்டங்களுக்கு நேரம் ஒதுக்கியது யார் என்று பார்த்தால், தீட்டு நாட்களும் கர்ப்ப காலமும்தான் கண்ணில் படுகின்றன. வேலை செய்ய விடாதபோது ஆடலாம். வேலையை வைத்துவிட்டு ஆடக் கூடாது. சாவு வீட்டில் சாமியானாவுக்குக் கீழே விரித்த பாயில் ஒரு பெண் போய் உட்கார்ந்து "எனக்கும் ஒரு கை போடுங்க" என்று கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவளுக்கு ஆடத் தெரியுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். உள்ளே வேலையில்லையா என்றுதான் கேட்பார்கள்.

அவள் ஆடட்டும். தன் காசை வைத்து ஆடித் தோற்கும் உரிமைகூட ஒரு உரிமைதான். பாயின் நடுவில் ஏதாவது விழுந்தால் மட்டும், சீட்டைக் கலைப்பதற்கு முன்னால், எல்லோரும் கேட்கும்படி ஒரு கேள்வி வர வேண்டும்: இது யாருடையது?